நடுக்கத்தில் எண்பத்தொரு புள்ளி

என் கணவருக்குக் கைநடுக்கம் வந்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். அந்த நடுக்கத்துக்குப் புள்ளி போட ஒரு போனைக் கொடுத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. புள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அவர் பெயர் கேதீஸ்வரன். இலங்கைத் திருநெல்வேலிப் பக்கம் வந்து கேதீஸ்வரன் மாஸ்ரர் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். முப்பது வருசமாக, பல்கலைக்கழகம் போக ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் ரியூசன் கொடுத்தவர். கரும்பலகையில் அவருடைய எழுத்து மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டு வந்தது. கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகள் முன்வாங்குக்கு மாறினார்கள். பிறகு முன்வாங்குப் பிள்ளைகளும் கண்ணைச் சுருக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்க்கின்சன் என்றார்கள். மூளையில் சுரக்க வேண்டிய ஏதோ ஒன்று குறைந்துவிட்டதாம். மூளையில் குறைவு என்று அவரைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தக் கோபத்தில் வீடு வந்து சேரும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை.

டொக்டர் நிவேதனா உடுவில் ஊர்ப் பிள்ளை, நல்ல பிள்ளை. நோயாளர் சிலருக்கு ஒரு செயலி போட்ட போனைக் கொடுத்து, வீட்டில் இருக்கும்போது அவர்களுடைய கைகால் எப்படி அசைகிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். கிளினிக்கில் பத்து நிமிடம் பார்ப்பதை வைத்து மருந்துக் குளிசையின் அளவைத் தீர்மானிப்பதைவிட அது நல்லதாம். காலையும் மாலையும் போன் மணியடிக்கும். திரையில் தெரியும் இரண்டு வட்டங்களை இரண்டு விரல்களால் மாறி மாறித் தட்ட வேண்டும். மூச்சு முடியும்வரை ‘ஆ’ என்று இழுக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்து திரும்பி வர வேண்டும். எல்லாம் முடிந்ததும் பூச்சியத்துக்கும் நூற்றுக்கும் இடையில் ஓர் எண் திரையில் வரும். அது டொக்டருக்கும் போய்விடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த எண் கூடினால் வருத்தம், அதுதான் நோய், கூடியிருக்கிறது என்று அர்த்தம். குறைந்தால் சுகம். டொக்டர் இதைத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்போது நான் மருந்து எடுக்கும் வரிசையில் நின்றேன். என் கணவரோ டொக்டரைப் பார்க்காமல், வாங்கின் மற்ற முனையில் அதே மாதிரி ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். போனோடு இருந்தவர் அருளம்பலம் மாஸ்ரர்.

அருளம்பலத்தாரும் இணைந்த கணிதம்தான். அதே ரோட்டில் எங்களுக்கு நேரெதிரே கொட்டில் போட்டுப் படிப்பித்தவர். முப்பது வருசத்தில் இருவரும் ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களில் மட்டும், மற்றவர் தன் மதிலில் எந்தப் பிள்ளையின் படத்தை ஒட்டியிருக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். இப்போது அவருக்கும் அதே வருத்தம், அதே போன்.

“வருத்தத்திலயும் உவன் என்னைப் பாத்துக் கொப்பி அடிக்கிறான்” என்றார் இவர்.

போதாக்குறைக்கு டொக்டர் நிவேதனா ஏ.எல். காலத்தில் அருளம்பலத்தாரிடம் படித்தவர் என்பதும் அன்றே இவருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே டொக்டரிடம் இவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: சித்தியடைய எத்தனை புள்ளி வேண்டும்? பகிடி விடுகிறார் என்று நினைத்து டொக்டர் சிரித்திருக்கிறார்.

முதல் எண் முப்பத்துநாலு.

இலங்கையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும், சாதாரண சித்திக்கே முப்பத்தைந்து வேண்டும். ஒரு புள்ளியால் பெயில். மனிதர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. ரியூசன் மாஸ்ரரோடு இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு வேறென்ன தோன்றும்? அடுத்தமுறை வடிவாகச் செய்யலாம் என்று தலையைத் தடவிவிட்டேன்.

அடுத்த நாள் படிப்புத் தொடங்கியது. நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினார். விடியப்புறம் விரல் தட்டல், பத்து மணிக்கு நடை, பின்னேரம் குரல். மேசையில் தட்டினார், கதிரைக் கையில் தட்டினார், நான் சோறு வடிக்கும்போது பானை மூடியில் தட்டினார். ‘ஆ’ என்று இழுக்கிற இழுவையில் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு நமசிவாயம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மாஸ்ரர் சங்கீதம் பழகுகிறாரோ, அளவெட்டியில் தனக்குத் தெரிந்த நல்ல குரு ஒருவர் இருக்கிறார் என்றார்.

இவ்வளவு படித்தும் புள்ளி இறங்கியது. முப்பத்தொன்று. பிறகு இருபத்தெட்டு. ஆளின் கை கொஞ்சம் தெளிந்திருந்தது, தேத்தண்ணி சிந்தாமல் குடித்தார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தது? நாங்கள் இருவரும் புள்ளியைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் என் தங்கை மகளின் கலியாணம் வந்தது. அளவெட்டிக்குப் போன அவசரத்தில் குளிசைப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டேன். நாள் முழுக்க அவர் குளிசை போடவில்லை. மாலையில் கலியாண மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பரீட்சை செய்தார். ஐம்பத்தேழு. ‘சி’ தரம். அங்கிருந்து சாப்பாட்டுப் பந்திக்கு அவர் வர எடுத்த நேரத்தில் நான் இரண்டாம் முறை பாயாசம் குடித்துவிட்டேன், கால் அப்படி இழுத்தது. முகம் மட்டும் மாப்பிள்ளையின் முகத்தைவிட மினுங்கியது.

கணக்கு மாஸ்ரர் அல்லவா, சும்மா விடுவாரா? வீட்டுக்கு வந்து பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார். குளிசை போட்டால் புள்ளி விழுகிறது. போடாவிட்டால் ஏறுகிறது. வரைபு கீறிப் பார்த்தாலும் அதேதான். ஆகவே குளிசை மூளையை மழுக்குகிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தொடங்கிய இடம்தான் பிழை. இதை அவர் எனக்குச் சொல்லவுமில்லை. நான் குளிசையைக் கொடுப்பேன், வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார். நான் திரும்பியதும் துப்பி, விறாந்தையில் இருந்த குரோட்டன் செடிச் சாடிக்குள் புதைத்துவிடுவார். அந்தக் குரோட்டன் அந்த நாட்களில் தளதளவென்று நின்றது, அதையும் சொல்ல வேண்டும்.

புள்ளி ஏறத் தொடங்கியது. டொக்டர் நிவேதனா பதறிப்போய் இவருக்கே நேரே போன் எடுத்து, எண் ஏறிக்கொண்டு போகிறது, குளிசையைக் கூட்டுவோம் என்று சொல்லியிருக்கிறார். அதில் பாதியை மட்டும் இவர் எனக்குச் சொன்னார். புள்ளி ஏறுகிறதென்று டொக்டரே போன் எடுத்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டதாம். மற்றப் பாதியை மனதுக்குள் வைத்துக்கொண்டார். அருளம்பலத்தின் மாணவிக்குத் தன் முன்னேற்றம் பொறுக்கவில்லை, குளிசையைக் கூட்டித் தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்பது அவருடைய எண்ணம்.

எழுபத்தைந்தைத் தொட்டதும் ‘ஏ’ தரம் என்று கற்கண்டு வாங்கச் சொன்னார். எண்பத்தொன்று வந்த அன்று, சந்தியில் அச்சுக்கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஜெரிசனுக்குச் செய்தி எட்டிவிட்டது. அவன் ஆர அமர விசாரிக்கிற ஆள் இல்லை. அடுத்த நாள் திருநெல்வேலிச் சந்தியில் ஆளுயரப் பதாகை தொங்கியது. ‘கைபேசி நரம்பியல் பரீட்சையில் 81 புள்ளிகள் பெற்று மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் ஆசான் கேதீஸ்வரன் அவர்களை வாழ்த்துகிறோம்.’ தலைமயிர் எல்லாம் கறுப்பாக இருந்த காலத்துப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தான். பலாலி வீதியால் போன பஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்து வாசித்துவிட்டுப் போனார்கள். கனடாவிலிருந்து அவருடைய தம்பி போன் எடுத்து, அண்ணை இந்த வயதிலும் விடவில்லை என்று நாத்தழுதழுக்கச் சொன்னான்.

வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை எழுந்து வரவேற்க மாஸ்ரரால் முடியவில்லை.

பதாகையில் இருந்த மனிதருக்கும் வீட்டில் இருந்த மனிதருக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. கதிரையிலிருந்து எழும்ப நான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். கட்டிலில் புரண்டு படுக்க என்னை எழுப்ப வேண்டும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, மரப்பலகை மாதிரி ஆகிவிட்டது. நடந்துகொண்டே போவார், வாசற்படி வந்ததும் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் கிணற்றடியில் விழுந்தார். தலை கல்லில் படாதது என் தாலிப் பலன். தூக்கி இருத்திவிட்டு நான் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த வருத்தம் இவ்வளவு கெதியாக மனிதரை என்னிடமிருந்து கொண்டுபோகும் என்று நான் நினைக்கவில்லை. மாஸ்ரர் படித்துக் களைத்துப் போனார், பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்று நமசிவாயம் அண்ணை ஆறுதல் சொன்னார்.

அந்தக் கிழமை சந்தைக்குப் போனேன். மரக்கறிக் கடைப் பக்கம் ஒருவர் தோளில் பலாப்பழமும் கையில் இரண்டு பையுமாக விறுவிறென்று வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து வாழைக்குலைகளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். பலாப்பழம் ஒளிய விடவில்லை. அருளம்பலத்தார்.

வேறு வழியில்லாமல் அவரே கிட்ட வந்தார். பதாகையைப் பார்த்தாராம், மாஸ்ரருக்குத் தன் வாழ்த்தைச் சொல்லச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, அவர் என்னண்டு படிச்சவர் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களே. நான் குளிசையும் நேரத்துக்குப் போடுறன், நடக்கிறன், தட்டுறன். பதினாலுக்கு மேல வருகுதில்லை. வெக்கத்தில வெளிய தலை காட்டேலாமல் கிடக்கு.”

நான் அவரைப் பார்த்தேன். பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக நிற்கிற மனிதருக்குப் பதினாலு. சட்டைப் பொத்தான் போட முடியாத என் மனிதருக்கு எண்பத்தொன்று. கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் தலைகீழாகத் திரும்பியது. உடனே டொக்டருக்குப் போன் எடுத்து அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

டொக்டர் சொன்னார். மாஸ்ரர் குளிசை போடுகிறாரா என்று மெதுவாகக் கேட்டார். என் கையால்தான் கொடுக்கிறேன் என்றேன். விழுங்குவதைப் பார்த்தீர்களா என்றார். தண்ணீர் குடிப்பதைத்தான் பார்த்தேன் என்றேன்.

“அம்மா, உந்தக் குளிசையைச் சடாரெண்டு விட்டால் ஆளைக் கட்டிலோட போட்டிடும், உயிருக்கே கூடாது. முதல் குடுத்த அளவை இண்டைக்கே தொடங்குங்கோ. நாளைக்கு நான் வந்து பாக்கிறன்.”

நான் போனை வைத்தபோது அருளம்பலத்தார் பலாப்பழத்தை இறக்கி நிலத்தில் வைத்திருந்தார். பாதி கேட்டிருக்கிறார். மீதியை நான் சொன்னேன். டொக்டர் விளக்கிய அன்று அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அப்படியென்றால் தான் நன்றாகச் செய்திருக்கிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். பதினாலு நல்லதா என்று கேட்டார். திறம் என்றேன். இன்னொரு தரமும் கேட்டார். பிறகு அந்தப் பலாப்பழத்தை என் கையிலேயே தந்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு, இருபது வயதுப் பெடியன் மாதிரிப் போனார். ஓட்டோவுக்குள் அந்தப் பழத்தோடு நான் பட்ட பாடு வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் பழத்தைப் போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். குரோட்டன் சாடியின் மண் கிளறியிருந்தது. தோண்டினேன். வெள்ளை வெள்ளையாகக் கரைந்தும் கரையாமலும் கிடந்தன. அதை உள்ளங்கையில் வைத்து அவருக்கு முன்னால் நீட்டி, சந்தையில் நடந்ததையும் டொக்டர் சொன்னதையும் சொன்னேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். அருளம்பலமும் அவன் மாணவியும் சேர்ந்து செய்கிற சதி என்றார். புள்ளி கூடினால் குறைவு என்று எந்த நாட்டுப் பரீட்சைத் திணைக்களம் சொன்னது என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. கதை முடிந்துவிட்டது என்பதுபோல எழுந்து உள்ளே போகத் திரும்பினார். வாசற்படி வந்தது. கால் ஒட்டிக்கொண்டது.

அவர் அப்படியே நின்றார். வாசல் நிலையைப் பிடித்த கை நடுங்கியது. முதுகு வளைந்து சட்டை தொங்கியது. இவ்வளவு கெட்டிக்காரர், தன் கெட்டித்தனத்தாலேயே என் கண் முன்னால் கட்டையாகப் போகப் போகிறார். கெஞ்சினால் கேட்கமாட்டார். ஏசினால் இன்னும் இறுகுவார். என் வாயில் எப்படி வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“இஞ்சருங்கோ, அது புள்ளி இல்லையாம். நிலையாம்.”

“என்ன நிலை?”

“அகில இலங்கை நிலை, எத்தினையாம் ஆள் எண்டு. நீங்கள் எண்பத்தோராம் நிலை. அருளம்பலத்தார் பதினாலாம் நிலை.”

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியாது. பிறகு நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்து எனக்குப் பின்பக்கமாக நீட்டினார்.

“குளிசையைத் தாரும்” என்றார். பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தேன், நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் விழுங்கிவிட்டார்.

அடுத்த நாள் டொக்டர் வந்தபோது அவரை வாசல் படலையிலேயே மறித்து என் பொய்யைச் சொல்லிவிட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், காட்டிக்கொடுக்கவில்லை. எண் இறங்கத் தொடங்கியது. எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பது. நிலை முன்னேற முன்னேற மனிதர் நேரத்துக்குக் குளிசை கேட்டு என்னை நச்சரித்தார். முகத்தில் சிரிப்புத் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது. கறியில் உப்பில்லை என்று அவர் கத்திய அன்று எனக்கு வந்த சந்தோசத்தில் அடுத்த நாளும் உப்பைக் குறைத்தே போட்டேன். சந்தியில் தொங்கியதைக் கழற்றச் சொல்லி ஜெரிசனுக்கு ஆள் அனுப்பினார். படம் வடிவில்லையாம்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் தன் கணினியில் வரைபைக் காட்டினார். இப்போது எண் இருபத்தாறு. ஆனால் ஒவ்வொரு நாளும் மாலையில் கோடு மேலே குதிக்கிறது. மதியக் குளிசையின் வேகம் அந்த நேரத்தில் அடங்கிவிடுகிறது, ஆகவே நேரத்தை மாற்றிப் போடுவோம் என்றார். கிளினிக்கில் காலையில் மட்டும் பார்த்திருந்தால் இது தெரியவே வந்திருக்காதாம். இந்த எண் பூச்சியத்துக்கு வராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். எங்களால் முடிந்தது அதைக் கீழே பிடித்து வைத்திருப்பது. என் கணவர் அந்தக் கோட்டைத் தன் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பது மாதிரி வாஞ்சையோடு பார்த்தார். வெளியே வாங்கில் அருளம்பலத்தார் இருந்தார். அவருக்குப் பதினைந்து. இவர் போய்ப் பக்கத்தில் இருந்து, மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையும் ஏற்கனவே குலுங்கிக்கொண்டிருந்ததால் அது எப்போது முடிந்ததென்று எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்ப ஓட்டோ பிடித்தோம். பலாலி வீதியில் நல்ல காற்று. அடுத்தமுறை பத்துக்குள் வந்துவிடுவீர்கள், அருளம்பலத்தாரை முந்திவிடலாம் என்று உற்சாகப்படுத்தினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்:

“குணம், இந்த ஆய்வில மொத்தம் பன்னிரண்டு பேர். அதில எண்பத்தோராம் நிலை என்னண்டு வரும்?”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். சொன்ன உடனேயே தெரியும் என்றார். முப்பது வருசம் புள்ளி போட்டவனுக்கு அது தெரியாதா என்றார். தெரிந்துகொண்டே ஏன் விழுங்கினீர்கள் என்று கேட்டேன்.

“உமக்குப் பொய் சொல்லத் தெரியாது. அண்டைக்கு எனக்குப் பின்னால நிண்டு அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னீர், குரல் நடுங்கினது. அப்பத்தான் விளங்கினது, எனக்கு உண்மையிலயே வருத்தம் கூடிப்போச்செண்டு.”

எனக்கு அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். அவரும் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியில் பார்த்த ஓட்டோக்காரர் பயந்துபோய், ஆஸ்பத்திரியில் ஏதும் கூடாத செய்தியோ என்று கேட்டார்.

“இல்லைத் தம்பி. இவருக்குப் புள்ளி நல்லாக் குறைஞ்சுபோச்சு” என்றேன்.

பரவாயில்லை அம்மா, அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.